கோவை விமானத்தில் நம்ம மலை தெரிய எந்த ஜன்னல்?

நம்ம மலை என்றால் நீலகிரி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவைக்கு வருகிறீர்கள் என்றால் வலது ஜன்னல், கோவையிலிருந்து கிளம்புகிறீர்கள் என்றால் இடது ஜன்னல். ஜெட் விமானமாக இருந்தால் இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசை. காலை நேரம். மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். அவசரமாக இப்போது சீட் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் ஏன் வலது, எப்போது அது மாறும், இறக்கை மேல் சீட் கிடைத்தால் வேண்டாம் என்று விடுவதா வாங்கிக்கொள்வதா என்பதெல்லாம் தெரிந்துகொண்டால் எந்த ஊரிலிருந்து வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதை முக்கியமாக எழுதுவது கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் பிறந்து சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் விமானத்தில் கோவை வந்து அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறுகிற நம்மவர்களுக்காக. மலையிலேயே வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: மலைக்குள் இருக்கும்போது மலை தெரியாது. எதிர்ச் சரிவு தெரியும், தேயிலைத் தோட்டம் தெரியும், நடுவில் நிற்கிற சில்வர் ஓக் தெரியும், வளைவு திரும்பினால் இன்னொரு சரிவு, அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்தில் சுமார் 325 மீட்டர் உயரத்தில் கிடக்கிற சமவெளி, சட்டென்று எழும்பி கோத்தகிரியில் 1,800 மீட்டர் வாக்கிலும் தொட்டபெட்டாவில் 2,637 மீட்டரிலும் போய் நிற்கிறதே, அந்த முழு உருவத்தை ஒரே பார்வையில் காட்டுவது விமான ஜன்னல் ஒன்றுதான். அதைப் பார்க்கக் கிடைத்தும் திரையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாக இருக்கும்.

சரி, ஏன் வலது? கோவை விமான நிலையம் நகரத்துக்குக் கிழக்கே பீளமேட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் நீலகிரி வடமேற்கில், தொட்டபெட்டா வரைக்கும் நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஓடுபாதையின் எண்கள் 05, 23. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சுழியம் சேர்த்தால் அது திசைகாட்டி டிகிரி. 23 என்றால் விமானம் 230 டிகிரியைப் பார்த்து, அதாவது தென்மேற்கைப் பார்த்து இறங்குகிறது. வடகிழக்கிலிருந்து வந்து தென்மேற்கு நோக்கி இறங்கும் விமானத்தில் வலப்பக்கம் என்பது அப்படியே வடமேற்கு. நீலகிரி உங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, கழுத்தைத் திருப்பக்கூடத் தேவையில்லாமல் நிற்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. விமானங்கள் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்குகின்றன, அதாவது ஒரு கிலோமீட்டர் முன்னேறினால் சுமார் 52 மீட்டர் கீழே வரும். நிலையம் இருக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரம். அப்படியானால் ஓடுபாதைக்கு 35 கிலோமீட்டர் முன்னால் விமானம் ஏறக்குறைய ஊட்டி இருக்கிற உயரத்தில் பறக்கிறது, 27 கிலோமீட்டர் இருக்கும்போது கோத்தகிரி உயரத்துக்கு வந்துவிடுகிறது. மலையை மேலிருந்து பார்ப்பது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இந்த இடத்தில் மலையும் நீங்களும் சமமட்டம். அங்கிருந்து தரை தொட எட்டு நிமிடம் போல ஆகும், அந்த நேரம் முழுக்க மலை உங்கள் கண்ணெதிரே மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். இந்த எட்டு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பேச்சும். பயணத்தின் மற்ற நேரத்தில் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து கிடைப்பது மாறும்.

சென்னையிலிருந்து வருவதானால் வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பாருங்கள், திருவண்ணாமலை, சேலம் வழியாகப் போய் கோவையைத் தொடும், அதுவும் கிட்டத்தட்ட ஓடுபாதை கிடக்கும் அதே திசையில். வலது ஜன்னலில் முதலில் ஜவ்வாது மலை, அப்புறம் சேர்வராயன், பிறகு மேட்டூர் நீர்த்தேக்கம், கடைசியில் பவானிசாகரும் நீலகிரியும். இடது ஜன்னலும் வெறுமையாக இருக்காது. கல்வராயன், கொல்லிமலை, காவிரி, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள், வானம் துலக்கமாக இருந்தால் தெற்கே தொலைவில் ஆனைமலையும் பழனி மலையும். இடது கிடைத்துவிட்டது என்று சோர்ந்துபோக வேண்டியதில்லை, ஆனால் நீலகிரியைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அங்கே அது கிடையாது.

பெங்களூரிலிருந்து வருவதுதான் என் கணக்கில் முதலிடம். நேர்கோடு தெற்கே இறங்கி, காவிரியைத் தாண்டி, பிலிகிரிரங்கன் மலை ஓரமாகச் சத்தியமங்கலம் காட்டுக்கு மேல் வருகிறது. அங்கே வலது ஜன்னலில், மைசூர் மேட்டுநிலத்துக்கும் நீலகிரிக்கும் நடுவே மாயாறு வெட்டிக்கொண்டு போகிற பெரும் பள்ளத்தாக்கு. கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே தெங்குமரஹாடா கிராமத்தைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே பள்ளத்தாக்கை இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து, அது போய் பவானியோடு சேர்ந்து பவானிசாகரில் விழுகிற இடம் வரை ஒரே தொடராகப் பார்க்கலாம். 1955-இல் கட்டி முடித்த அந்த அணைக்குப் பின்னால் நீர் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பதும் மேலிருந்துதான் புரியும். சென்னை வழியில் மலை 50 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். இங்கே கோடநாட்டு விளிம்பு அதில் ஏறக்குறைய பாதித் தூரம். ஹைதராபாத், டெல்லியிலிருந்து வருகிறவர்களுக்கும் கடைசிக் கட்டம் பெரும்பாலும் இதே மாதிரிதான், வடக்கிலிருந்து இறங்கி வருவதால் மேற்குப் பக்கமான வலது.

மும்பையிலிருந்து வரும் கோடு நீலகிரிக்கு நேர் மேலேயே விழுகிறது. அதனால் பக்கவாட்டில் நிற்கிற மலை இல்லை, காலடியில் விரிகிற மலை. வலப்பக்கம் ஊட்டியும் எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்களும், இடப்பக்கம் கோடநாடும் மாயாறும். ரெண்டுமே நல்லது. ஒன்றைச் சொல் என்றால் அப்போதும் வலதைத்தான் சொல்வேன், ஏனென்றால் சுற்றி வந்து வடகிழக்கிலிருந்து இறங்கும்போது மலை மறுபடி வலப்பக்கமே வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். காற்று வடகிழக்கிலிருந்து வீசினால் விமானத்தை எதிர்த்திசையில், 05 ஓடுபாதையில், தென்மேற்கிலிருந்து இறக்கலாம். அப்போது நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவார்கள். கடைசி நிமிடங்களில் மலைகள் இடது ஜன்னலுக்குப் போய்விடும். இடப்பக்கம் இருப்பவருக்கு வெள்ளியங்கிரியும் மருதமலையும் அருகிலேயே கிடைக்கும், அதுவும் சாதாரணக் காட்சி இல்லை. எந்தப் பக்கம் இறக்குவார்கள் என்பது அந்த நேரத்துக் காற்றையும் கட்டுப்பாட்டு அறையையும் பொறுத்தது, முந்தைய நாள் சீட் எடுக்கும்போது தெரியாது. இருந்தாலும் வருகிற வழி முழுவதும் மலை வலப்பக்கம் இருப்பதால், பந்தயம் கட்டுவதானால் வலப்பக்கமே கட்டுங்கள்.

பக்கம் முடிவாகிவிட்டது. இனி எந்த வரிசை?

ஏர்பஸ் 320 மாதிரி ஜெட் விமானத்தில் இறக்கை உடலின் கீழ்ப்பாகத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 10-ஆம் வரிசையிலிருந்து 20 வரை கீழே பார்த்தால் அலுமினியத் தகடுதான். நிறையப் பேர் இறக்கை மேல் உட்கார்ந்தால் ஒன்றுமே தெரியாது என்று சொல்வார்கள். நம் காரியத்துக்கு அது முழுக்கச் சரியில்லை. மலை உங்கள் மட்டத்தில் தொலைவில் நிற்கிறது, இறக்கை மறைப்பது கீழே இருக்கிற சமவெளியை; தொட்டபெட்டாவும் கோத்தகிரி விளிம்பும் இறக்கைக்கு மேலே தெரியும், மேட்டுப்பாளையமும் பவானி ஆறும் பாக்குத் தோப்புகளும் போய்விடும். மலை எங்கே தொடங்கி எழும்புகிறது என்கிற அடிவாரம் தெரியாமல் உச்சியை மட்டும் பார்ப்பது பாதி இன்பம்தான். எனவே இறக்கை மேல் வலது ஜன்னலா, இறக்கை இல்லாத இடது ஜன்னலா என்று வந்தால் யோசிக்காமல் வலதை எடுங்கள்.

இறக்கைக்கு முன்னால் 3-லிருந்து 8 வரை சிறந்தது. முன்னோக்கியும் கீழேயும் எதுவும் மறைக்காது, மலை வருவதை முன்கூட்டியே பார்க்கலாம். முதல் வரிசைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள், காட்சிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அவசர வழி வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் அது இறக்கை மேல்தான் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அங்கே உட்கார வைக்கவும் மாட்டார்கள். பின்வரிசைகளில், 24-க்கு மேல், கீழ்ப்பார்வை திரும்பக் கிடைக்கும், சீட்டும் பெரும்பாலும் மலிவு. ஆனால் எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றின் வழியாகப் பார்க்க நேர்வதால் தொலைவில் உள்ளது கானல் போல நெளியும். கண்ணால் பார்க்க அது பெரிய தொல்லை இல்லை, படம் எடுக்கிறவர்களுக்குத்தான் தொல்லை. பணத்தை யோசித்தால் நான் பின்வரிசை வலதுக்கு இரண்டாம் இடம் கொடுப்பேன்.

போயிங் 737 என்றால் இன்னொரு எச்சரிக்கை. இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு வரிசையில் ஜன்னல் சீட் என்று காசு வாங்கிய இடத்தில் ஜன்னலே இருக்காது, வெறும் சுவர். குளிர்காற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள் ஏறுவதால் அங்கே ஜன்னல் வைப்பதில்லை. எந்த வரிசை என்பது விமானத்துக்கு விமானம் மாறும், 10, 11, 12 எண்களைத் தவிர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை.

சிறிய ஏடிஆர் 72 வந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விசிறி வைத்த விமானம், சத்தம் அதிகம், மேகத்துக்குள் ஆட்டமும் அதிகம், அதனாலேயே பலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் அதன் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. கீழே பார்க்க எந்தத் தடையும் இல்லை. ஜெட் போல அவ்வளவு உயரம் போகாது, மெதுவாகவும் போகும், மலை பார்ப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். இதில் வரிசைக் கணக்கு தலைகீழ்: எஞ்சினும் விசிறியும் முன்பாதியில் இருப்பதால் பின்பாதி சீட்டுகள் நல்லது, ஏறுகிற கதவும் பின்னால்தான். சீட் எழுத்தைப் பார்க்காமல் சீட் வரைபடத்தில் வலப்பக்கக் கடைசி எது என்று பார்த்து எடுங்கள். ஜெட்டின் ஆறு சீட் வரிசையில் ஏ இடது, எஃப் வலது என்பது வசதியான நினைவு.

நேரத்துக்கு வருவோம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. நாம் பார்க்கப்போவது நீலகிரியின் கிழக்கு முகம், அதாவது கோடநாடு, கோத்தகிரி, குன்னூர், கல்லாறு பள்ளத்தாக்கு. காலையில் சூரியன் கிழக்கிலிருந்து அந்த முகத்தில் நேராக அடிக்கிறது, ஒவ்வொரு மடிப்பும் பாறையும் ஓடையும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும், ஜன்னல் வழியாக உங்கள் கண்ணிலும் வெயில் அடிக்காது, அது இடப்பக்கக்காரர்களுக்குப் போய்விடும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது, மலை ஒரே நீல நிற வரியாகிவிடும், அதற்கும் அழகு உண்டு என்றாலும் விவரம் ஒன்றும் கிடைக்காது. நடுப்பகலில் கோவைச் சமவெளியின் தூசியும் வெப்பமும் எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். இரவு விமானத்தில் மலைமேல் விளக்குகள் தெரியும், அதற்காகப் பணம் கொடுத்து ஜன்னல் எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

மாதம் என்றால், ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் உறைபனி விழுகிற டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான காலம்தான் சிறந்தது. இரவில் வானம் மேகமில்லாமல் இருந்தால்தான் உறைபனி விழும், அதே தெளிவு மறுநாள் காலை விமானத்துக்கும் கிடைக்கும். அப்படிக் காலைகளில் மேட்டுப்பாளையம் சமவெளி மேல் பனிமூட்டம் படுத்துக் கிடக்கும், அதற்கு மேலே மலை சுத்தமாக நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை சரி, மதியத்துக்கு மேல் இடிமேகம் கட்டத் தொடங்கிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். கிழக்கு விளிம்பில் அவ்வளவு மழை இருக்காது, ஆனால் மேற்கிலிருந்து வரும் மேகம் மேட்டுநிலத்தைத் தாண்டி விளிம்பில் வழிந்து பாதிச் சரிவிலேயே கரைந்துபோவதைப் பார்க்கலாம். உச்சி தெரியாவிட்டாலும் அந்தக் காட்சிக்கு நான் ஜன்னல் எடுப்பேன். அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை இந்தக் கிழக்குப் பக்கத்துக்குரியது, அநேகமாக எல்லாம் மூடிக் கிடக்கும். நடுவில் மழை விட்ட ஒரு நாள் அமைந்தால் மட்டும் கழுவி வைத்த காற்றில் வருஷத்திலேயே நன்றாகத் தெரியும். அதை நம்பி முன்கூட்டி டிக்கெட் எடுக்க முடியாது.

பணம் கொடுத்து சீட் எடுக்கலாமா? சில நூறு ரூபாய் போகும். குடும்பமாக நாலு பேர் வந்தால் நாலு பேருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, வலது ஜன்னல் ஒன்று அல்லது முன்பின்னாக இரண்டு எடுத்துவிட்டு, பறக்கிற நேரத்தில் மாறி மாறி உட்காரலாம். இறங்கும்போது பெல்ட் போட்டுவிடச் சொல்வார்கள், அதற்கு முன்பே யார் ஜன்னலில் இருக்கப்போகிறார்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் வீட்டில் மூத்தவருக்குக் கொடுங்கள். என் பெரியப்பா முதல்முறை வந்தபோது ஜன்னலில் உட்காரவைத்தோம். ஆயுசு முழுக்கக் கோத்தகிரிப் பக்கம் விவசாயம் பார்த்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் ஒவ்வொரு முடியாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார், ரங்கசாமி மலையைக் கண்டதும் கைகூப்பினார். ஜன்னல் வேறொருவரிடம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணா, எங்க ஊர் மலை வருது, ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்த்துக்கட்டுமா?" இப்படிக் கேட்டு முடியாது என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

படம் எடுப்பதானால் போனை ஜன்னலை ஒட்டிப் பிடியுங்கள், தொட்டுக்கொண்டு பிடிக்காதீர்கள், அதிர்வு படத்தைக் கெடுக்கும். ஃபிளாஷ் வேண்டாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், ஜன்னல் பிளாஸ்டிக்கில் வானவில் திட்டுகள் தெரியும். ஜன்னலின் கீழ்ப்பகுதியில் இருக்கிற குட்டித் துளையைச் சுற்றிப் பனி பூத்திருக்கும், அது கோளாறு இல்லை, உள்ளே அழுத்தத்தைச் சமப்படுத்த வைத்த துளை. அதைத் தவிர்த்து மேல்பாதி வழியாக எடுங்கள்.

கொடைக்கானல்காரர்கள் மதுரைக்கு வருவார்கள், அவர்களுக்கும் ஒரு வரி. சென்னையிலிருந்து மதுரை வரும்போதும் வலதுதான், சிறுமலை அருகிலும் பழனி மலை அதற்கு அப்பாலும் வரும். ஆனால் கொடைக்கானல் மதுரை விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டிலேயே 80 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, ஓடுபாதையும் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் கடைசி நிமிடங்களில் பழனி மலை ஜன்னலுக்கு நேராக இல்லாமல் முன்னால் சாய்வாக நிற்கும். அங்கே இறக்கைக்கு முன் வரிசை எடுப்பது கோவையை விட முக்கியம்.

கடைசியாகத் திரும்பிப் போகும் பயணம். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது மலை இடப்பக்கம், எனவே ஏ. ஆனால் இறங்குவதைப் போல நின்று நிதானமாகக் கிடைக்காது, விமானம் வேகமாக மேலேறிவிடும், எந்தத் திசையில் கிளம்பி எப்படித் திரும்புகிறது என்பதைப் பொறுத்து மலை சில நிமிடங்கள்தான் வரும். ஒரு பக்கத்துக்குத்தான் சீட் காசு கொடுக்க முடியும் என்றால் வருகிற பயணத்துக்குக் கொடுங்கள், போகும்போது கிடைத்த சீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம்.